கரிசலில் போட்ட மூன்று மேட்டுப்பாத்திகள்

2021 நவம்பரில் என் கத்தரிச் செடிகள் பத்தும் ஒரே வாரத்தில் செத்தன. தண்ணீர் இல்லாமல் இல்லை, தண்ணீரில் நின்றே செத்தன. மழை விட்டு நான்கு நாளாகியும் பாத்தி சொதசொதவென்று கிடந்தது. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரின் தோல் உருவிக்கொண்டு கையோடு வந்தது. சாக்கடை வாடை.

நான் தென்காசிப் பக்கம், செம்மண்ணில் வளர்ந்தவள். அங்கே எவ்வளவு மழை பெய்தாலும் மறுநாள் மண்வெட்டியோடு இறங்கிவிடலாம். அவருக்குக் கோவில்பட்டிக்கு மாற்றலாகி, ஊருக்கு வெளியே கொஞ்சம் காலி இடத்தோடு ஒரு வீடு அமைந்தது. கரிசல் என்கிற கருப்புக் களிமண் என்ன செய்யும் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஈரமாக இருந்தால் செருப்புக்கடியில் ஒரு கிலோ ஒட்டும். காய்ந்தால் கடப்பாரை ணங்கென்று திரும்பி வரும். சித்திரையில் விழுந்த வெடிப்பு ஒன்றின் ஆழம் பார்க்க மகனின் ஓரடி ஸ்கேலை விட்டேன். ஸ்கேல் உள்ளே போய்விட்டது. எடுக்க முடியவில்லை.

மணல் கலந்தால் சரியாகிவிடும் என்றார்கள். நான்கு சட்டி கலந்தேன். காய்ந்ததும் அந்த இடம் செங்கல் மாதிரி ஆகிவிட்டது. மணலைப் பாதிக்குப் பாதி கொட்டினால்தான் களியின் குணம் மாறும். கொஞ்சமாகப் போட்டால் மணல் மணிகளுக்கு நடுவே களி புகுந்து இன்னும் இறுகும். அப்புறம் ஒரு கண்ணாடி பாட்டிலில் மண்ணையும் தண்ணீரையும் போட்டுக் குலுக்கி வைத்தேன். ஒரு நிமிடத்தில் அடியில் படிந்த மணல் ஒரு விரற்கடைகூட இல்லை. மேலே நின்ற தண்ணீர் இரண்டு நாளாகியும் கடுங்காப்பி நிறத்திலேயே இருந்தது. இதை மாற்ற என்னால் ஆகாது, மேட்டுப்பாத்தி போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

2022 ஆடியில் ஆரம்பித்தேன். பத்தடி நீளம், நாலடி அகலம், ஓரடி உயரத்தில் மூன்று பாத்திகள் என்பது கணக்கு. இரண்டு பக்கமிருந்தும் கை எட்ட வேண்டும், பாத்திக்குள் கால் வைக்கவே கூடாது, அதனால்தான் நாலடி. ஒரு யூனிட் செம்மண் சொன்னேன், அதாவது 100 கன அடி. வந்து கொட்டிய பிறகு டிரெய்லரை அளந்தால் எழுபதுதான் தேறியது. சண்டை போட்டும் பயனில்லை. தொழுவுரம் கலந்து இரண்டு பாத்திகள்தான் நிறைந்தன. மூன்றாவது அப்படியே நின்றுவிட்டது.

பக்கத்து வீட்டுத் தாத்தா அந்தக் காலத்தில் பருத்தியும் கம்பும் போட்டவர். வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "என்ன தாயி, வரிசையா சமாதி கட்டிக்கிட்டு இருக்க?" என்றார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். இறுகிய கரிசலின் மேல் நேராகச் செம்மண்ணைக் கொட்டக் கூடாதாம். தண்ணீர் செம்மண்ணில் சட்டென்று இறங்கி, களியில் முட்டி நின்றுவிடும். ஓட்டை இல்லாத தொட்டிதான் அது. அடி மண்ணை முக்கால் அடிக்காவது கிளறிவிட்டுத்தான் கொட்ட வேண்டும். அதையும் பதம் பார்த்துச் செய்ய வேண்டும். ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிக் காட்டினார். "கொழுக்கட்டையா நிக்கணும், பெருவிரல் பட்டா உதிரணும். கயிறு மாதிரி திரிஞ்சா கிட்டயே போகாத." அவர் சொல்வதற்குள் முதல் பாத்தி நிறைந்திருந்தது. இரண்டாவதை மட்டும் அப்படிச் செய்தேன். அந்த ஐப்பசியில் முதல் பாத்தி மிளகாய் வெளிறி நின்றது, இரண்டாவதில் ஒரு குறையும் இல்லை.

சுவரிலும் தவறு செய்தேன். முதல் பாத்திக்கு ஹாலோ பிளாக்கைச் சிமென்ட் வைத்துக் கட்டினேன். மழையில் கரிசல் உப்பியது, கோடையில் சுருங்கியது, மூலை இரண்டு விரல் அகலத்துக்குப் பிளந்தது. இந்த ஊரில் வீட்டுக்கு அஸ்திவாரம் ஏன் அவ்வளவு ஆழம் போகிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. இரண்டாவதுக்குக் கற்களைச் சும்மா அடுக்கியிருந்தேன். நகர்ந்ததைக் காலால் தள்ளிச் சரி செய்தால் போதும்.

2023 கோடை வேறு பாடம். செம்மண் பாத்திகள் இரண்டுக்கும் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது, குடிக்கிற தண்ணீருக்கே கணக்குப் பார்க்கிற ஊரில். ஆனால் மூலையில் வெறுங்கரிசலில் தானாக முளைத்த சீனியவரை (கொத்தவரை) வாடாமல் நின்றது. மழையில் செடியைக் கொன்ற அதே மண் கோடையில் ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது. ஆக, கரிசலை மாற்ற வேண்டாம், உயர்த்தினால் போதும்.

ஆவணியில் மூன்றாவது பாத்திக்கு வெளியிலிருந்து மண்ணே வாங்கவில்லை. சுற்றிலும் நடைபாதையை முக்கால் அடி ஆழம் வெட்டி, அந்தக் கரிசலையே மேலே வாரிப் போட்டு, தொழுவுரமும் கடலைத் தொலியும் கலந்தேன். பாத்தி உயர்ந்தது, பாதையே வடிகால் ஆனது. அதைத் தெருவோர ஓடை வரைக்கும் வாட்டம் பார்த்து இழுத்துவிட்டேன். (பாதை வெட்டும்போது ஸ்கேலும் கிடைத்தது.) ஹைதராபாத் பக்கம் படான்செருவில் இருக்கும் இக்ரிசாட் ஆராய்ச்சி நிறுவனம் 1970களிலேயே கரிசல் காட்டுக்குச் சொன்ன முறை இது என்று பிறகு தெரிந்தது: ஒரு மீட்டர் அகல மேடு, அரை மீட்டர் சால். நான் செம்மண் லாரிக்காரரோடு சண்டை போட்டு முடித்த பிறகுதான் கண்ணில் பட வேண்டுமா!

இந்தப் பாத்தியிலும் தொல்லை இல்லாமல் இல்லை. கரிசலில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் மண்ணில் இரும்பு இருந்தும் செடிக்குக் கிடைப்பதில்லை. கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) கரைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு இலையில் தெளித்தேன். பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை தெளித்ததில் தேறியது. சோளத்தட்டையை வெட்டி மூடாக்குப் போட்டதால் வெடிப்பும் குறைந்தது. வெடிப்பு என்றால் ஈரம் போவது மட்டுமில்லை, வேரும் அறுந்துபோகும்.

அந்த டிசம்பர் 17, 18 மழையை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் பக்கமும் கொட்டித் தீர்த்தது. ஜன்னலில் பார்த்தால் தோட்டம் குளமாகி, பாத்திகள் மூன்றும் தீவுகளாகத் தெரிந்தன. முதல் பாத்தியின் சுவர் பிளந்த மூலையோடு சரிந்து, பாதிச் செம்மண் தெருவுக்குப் போய்விட்டது. மூன்றாவது பாத்தியின் பாதைகளில் ஒன்றரை நாள் தண்ணீர் நின்று, ஓடை வழியாக வடிந்தது. பன்னிரண்டு கத்தரியில் ஒன்பது பிழைத்தன.

முதல் பாத்தியின் சுவரை மொத்தமாகப் பிரித்துவிட்டேன். அந்தக் கற்கள் இப்போது துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் இருக்கின்றன. பொங்கலுக்கு முந்தின நாள் கத்தரிக்காய் கொடுக்கப் போனபோது தாத்தா காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சமாதியில காய்ச்சதா தாயி?"