கானா, புரூக்கா

யார் வெல்வார் என்று அந்த வாடிக்கையாளர் கேட்டிருந்தால் பிரச்சினையே இல்லை. திரையில் பந்தய விலை ஓடிக்கொண்டிருக்கும், அதைக் காட்டிவிட்டுத் தப்பலாம். அவர் கேட்டது யார் வெல்லவேண்டும் என்று. அதற்கும் வழி உண்டு. "நான் கடை ஆள், எனக்கு ஒரு பக்கமும் இல்லை" என்று சிரித்துக்கொண்டே பந்தயச் சிட்டையை மெஷினுக்குள் விட்டால் போதும். பெட்டிங் கடையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் சமாளித்து வந்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் "புரூக்" என்றேன்.

2022 பெப்ரவரி 19, சனிக்கிழமை. அன்றிரவு மான்செஸ்டரில் இரண்டு பிரிட்டிஷ் குத்துச்சண்டை வீரர்கள், பாகிஸ்தான் வம்சாவளியான அமீர் கானும் ஷெஃபீல்ட் ஆளான கெல் புரூக்கும், மோத இருந்தார்கள். வருடக்கணக்காக இன்றைக்கு நடக்கும் நாளைக்கு நடக்கும் என்று இழுபட்ட சண்டை. கடைசியில் இருவருக்கும் 35 வயதாகி, நல்ல காலம் முடிந்த பிறகுதான் கூடிவந்தது. ஆனாலும் மதியத்திலிருந்தே குதிரைச் சிட்டைகளுக்கு நடுவே பாக்ஸிங் சிட்டைகளும் வந்தபடி இருந்தன. கேள்வி கேட்டவர் எங்கள் கடையின் பழைய வாடிக்கையாளர். கிழக்கு லண்டன் டாகென்ஹாம் கார் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், எண்பதை நெருங்கும் வயது. புரூக் நொக்கவுட்டில் வெல்வார் என்று எழுதி இருபது பவுண்டு நோட்டோடு சிட்டையைத் தள்ளினார். "கான் நம்ம பையன் இல்லையே, உனக்குத் தெரியாததா? நீ சொல்லு, யார் வெல்லவேண்டும்?" என்றார். நான் சொன்னதும் பெருவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

பக்கத்து கவுண்டரில் ஒரு பிள்ளை நின்றாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு வார இறுதியில் மட்டும் வேலைக்கு வருபவள். அவர் வெளியே போகும்வரை பொறுத்திருந்து கேட்டாள்.

"அண்ணா, ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?"

"புரூக்குக்கு அடி பலம். கானுக்குத் தாடையில ஒண்டு சரியா விழுந்தா முடிஞ்சுது."

"அவர் அதைக் கேட்கேல்லையே."

அதற்குள் அடுத்த குதிரை ரேஸ் தொடங்க, கியூ நீண்டுவிட்டது. அவள் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஏதாவது சொல்லி முடித்திருப்பேன் என்று நினைக்கிறேன். எடுக்காததால்தான் இது இன்னும் என்னோடு கிடக்கிறது.

முதலில் என் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உண்மையிலேயே புரூக்கைப் பிடிக்கும். 2014 ஓகஸ்டில் கலிஃபோர்னியாவுக்குப் போய், தோல்வியே காணாத ஷோன் போர்ட்டரை அவருடைய நாட்டிலேயே வென்று பட்டத்தோடு வந்தவர். அடுத்த மாதமே டெனெரிஃபில் விடுமுறையில் இருந்தபோது காலில் கத்திக்குத்து. அதிலிருந்து எழுந்து வந்து, 2016 இல் இரண்டு எடைப் பிரிவு மேலே போய் நடுத்தர எடைச் சாம்பியன் கொலொவ்கினோடு மோதினார், ஒரு கண்குழி எலும்பு உடைந்தது. அடுத்த வருடம் ஷெஃபீல்டில் எரோல் ஸ்பென்ஸோடு மோதியபோது மற்றக் கண்ணுக்கும் அதே கதி. இத்தனைக்கும் நடுவே கானை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கான் அமெரிக்க நட்சத்திரம் மேவெதர் பெயரைச் சொல்லிக்கொண்டு இவரைக் காக்கவைத்தார். காக்கவைத்தவன் தோற்கட்டும் என்று ஒரு ரசிகன் நினைப்பதில் என்ன தப்பு?

இதை இவ்வளவு ஒழுங்காக எழுதிய பிறகுதான் இன்னொன்று கண்ணில் படுகிறது. கானும் அதே 2016 இல், மே மாதம், தன்னைவிடப் பெரிய ஆளான கனெலோ அல்வாரெஸோடு மோதப் போனார். ஆறாவது சுற்றில் ஒரே வலக்கைக் குத்தில் மல்லாந்து விழுந்தார். அப்போது நான் கடையில் என்ன சொன்னேன் என்பது நினைவிருக்கிறது. காசுக்காகப் போனான் என்றேன். நாலு மாதம் கழித்து புரூக் அதையே செய்தபோது நெஞ்சுரம் என்றேன். கொலொவ்கினோடு மோத புரூக்குக்கும் நல்ல காசு கிடைத்திருக்கும்.

அப்படியானால் என் காரணங்கள் எல்லாம் முடிவுக்குப் பிறகு தேடிப் பிடித்தவைதானா? தெரியவில்லை. கிழவரின் காரணங்களும் அப்படித்தானா?

அவருக்கு ஒரு முழு வரலாறே இருக்கிறது. ஹென்றி கூப்பர் என்றால் இன்றைக்கும் கண் கலங்குவார். 1963 இல் வெம்பிளியில், பின்னாளில் முகமது அலி ஆன காசியஸ் கிளேயை இடக்கைக் கொக்கியால் கீழே விழுத்தியவர் கூப்பர், ஆனால் அடுத்த சுற்றிலேயே கண்ணோரம் கிழிந்து தோற்றவர். அந்தக் கூப்பரை 1971 மார்ச்சில் கால் புள்ளி வித்தியாசத்தில் வென்றவர் ஜோ பக்னர். ஹங்கேரிக் கிளர்ச்சி நசுக்கப்பட்டபோது அகதியாக வந்த குடும்பத்துப் பையன். தீர்ப்பு முழுக்க நடுவர் ஹாரி கிப்ஸ் ஒருவர் கையில்தான் இருந்தது. கிப்ஸ் பெயரைக் கேட்டால் கிழவர் இன்றும் கெட்ட வார்த்தையில்தான் தொடங்குவார். பக்னர் பிறகு அலியோடு இரண்டு தடவை கடைசி மணி வரை நின்றவர். பலனில்லை, இந்த நாட்டு ரசிகர்கள் அவரை மன்னிக்கவேயில்லை. கடைசியில் ஆஸ்திரேலியாவுக்கே போய்விட்டார். 1987 இல் டொட்டன்ஹாம் மைதானத்தில் ஃபிராங்க் புருனோ அவரை எட்டாவது சுற்றில் முடித்துவைத்ததைக் கிழவர் சொல்லும்போது, பதினாறு வருடக் கடன் ஒன்று வசூலான திருப்தி முகத்தில் தெரியும்.

இதை வெறும் நிறத்தின் கதை என்று சொல்லி முடிக்க முடியாததும் புருனோவால்தான். கரீபியன் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த கறுப்பர். இந்த வெள்ளைக் கிழவருக்கு அவர் வீட்டுப் பிள்ளை மாதிரி. 1993 ஒக்டோபரில் கார்டிஃபில் லெனொக்ஸ் லூயிஸோடு புருனோ மோதியபோது ஒரு கிழமைச் சம்பளத்தைப் புருனோவில் போட்டாராம். லூயிஸ் பிறந்தது வெஸ்ட் ஹாமில், எங்கள் கடையிலிருந்து பஸ்ஸில் போகும் தூரம். கிழவரும் அதே பக்கத்து ஆள்தான். ஆனால் லூயிஸ் சின்ன வயதில் கனடாவுக்குப் போய், 1988 சோல் ஒலிம்பிக்கில் கனடாவுக்காகத் தங்கம் வென்றுவிட்டுத் திரும்பியவர். பேச்சும் கனடாப் பேச்சு. அதனால் அவர் கனடாக்காரர். லூயிஸ் ஏழாவது சுற்றில் வென்றார், சம்பளம் போனது. அதற்காகவும் சேர்த்துக் கோபம்.

சரி, பிறந்த இடம் போதாது, பேச்சும் இங்கத்தையதாக இருக்கவேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். அமீர் கான் போல்டனில் பிறந்து, போல்டனில் வளர்ந்து, போல்டன் பேச்சுப் பேசுபவர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கு பிரிட்டனிலிருந்து போன ஒரே குத்துச்சண்டை வீரர், 17 வயதில் வெள்ளி. அரங்கில் அவருடைய தகப்பன் யூனியன் ஜாக் கொடியையே வெயிஸ்ட்கோட்டாகத் தைத்துப் போட்டுக்கொண்டு நின்றதை நாடே பார்த்தது. இதைவிட ஒரு குடும்பம் வேறென்ன செய்யும்? கிழவரிடம் ஒருநாள் அந்த வெயிஸ்ட்கோட்டைப் பற்றிக் கேட்டேன். "கொஞ்சம் ஓவர்" என்றார். கொடி போட்டால் ஓவர், போடாவிட்டால் நம்ம ஆள் இல்லை.

புருனோவுக்கும் இது சுகமாக இருக்கவில்லை. 1995 இல் ஒலிவர் மக்கோலை வென்று ஒருவழியாக உலகப் பட்டத்தைப் பிடித்தபோது, வளையத்துக்குள் அழுதபடி அவர் சொன்னது தான் தன் இனத்தை விற்றவன் இல்லை என்பதுதான். வாழ்க்கையின் மிகப் பெரிய இரவில் ஒருவர் சொல்லும் பேச்சா அது? வெள்ளை ரசிகர்கள் தூக்கிவைத்துக் கொண்டாடக் கொண்டாட, கறுப்பு ரசிகர்களில் ஒரு பகுதி அவரைச் சந்தேகமாகப் பார்த்திருக்கிறது. இது பிரிட்டனுக்கு மட்டும் உரிய வியாதியும் இல்லை. கிழக்கு லொஸ் ஏஞ்சல்ஸில் மெக்சிக்கப் பெற்றோருக்குப் பிறந்த ஒஸ்கார் டி லா ஹோயா, பார்சிலோனாவில் தங்கம் வென்றபோது இரண்டு நாட்டுக் கொடிகளையும் ஏந்தினார். 1996 இல் மெக்சிக்கோவின் நாயகன் ஹூலியோ சேசர் சாவெஸோடு மோதியபோது மெக்சிக்க ரசிகர்கள் அவருக்கு ஊளையிட்டார்கள்.

கிழவருக்குப் பிடித்தவர்களை வரிசையாக நிறுத்திப் பார்த்து எனக்கு ஒரு கணக்குத் தோன்றியது. கூப்பர், புருனோ, அப்புறம் மான்செஸ்டர்க்காரர் ரிக்கி ஹட்டன். மூவரும் பெரிய இரவுகளில் தோற்றவர்கள். 2007 டிசம்பரில் ஹட்டனுக்காக ஆயிரக்கணக்கானோர் லாஸ் வேகாஸுக்குப் பறந்து போனார்கள். மேவெதர் பத்தாவது சுற்றில் அவரை விழுத்திய பிறகும் 'ஒரே ஒரு ரிக்கி ஹட்டன்' என்று பாடினார்கள். வெல்ல மாட்டார் என்று தெரிந்தும் கிழவர் அன்றைக்குக் காசு போட்டார். அவர் மட்டுமா? அந்த மாதிரி உணர்ச்சிக் காசு நாடு முழுவதும் ஒரே பக்கம் வந்து குவியும்போது கம்பனி தன் ஆபத்தைக் குறைக்க ஹட்டனின் விலையை இறுக்கும், அதாவது அவர் வென்றால் கிடைக்கும் காசைக் குறைக்கும், மேவெதருக்குக் கூட்டும். கணக்குப் பார்க்கிறவன் அப்போது சத்தமில்லாமல் வந்து அந்நியன்மேல் போட்டுவிட்டுப் போவான். சொந்த நாட்டு வீரனுக்கு எதிராகப் போடுகிறவர்கள் எல்லாரும் வெறுப்பில் போடுகிறார்கள் என்று நினைத்துவிடக்கூடாது. நல்ல விலைக்கு நாடு கிடையாது. ஆனால் கிழவர் அந்த ரகமில்லை. அவருடைய காசு எப்போதும் மனம் போகும் பக்கம்தான் போகும், அதனால்தான் அவருடைய சிட்டையை வாங்கும்போதெல்லாம் அது எனக்கு ஒரு வாக்குமூலம் போல இருக்கும்.

என் கணக்கு இதுதான்: நாம் கூடச் சேர்ந்து தோற்க விரும்புகிற ஆளைத்தான் நம்ம ஆள் என்கிறோம். நல்ல கணக்கு என்று கொஞ்சநாள் பெருமையாகவும் இருந்தேன். கான் அதைக் கெடுத்துவிட்டார். கானும் தோற்றவர்தான், அதுவும் எப்படியெல்லாம். 2008 இல் மான்செஸ்டரில் பிரெஸ்கொட் என்ற கொலம்பியரிடம் 54 விநாடியில். அந்த இரவு பிரெஸ்கொட்டில் ஐந்து பவுண்டு போட்டிருந்ததைக் கிழவர் இன்றும் சொல்லிச் சிரிப்பார். 2010 இல் ஆர்ஜென்டின வீரர் மைதானாவின் அடியில் பத்தாவது சுற்றில் கால்கள் பின்ன, கண் எங்கேயோ போக, விழாமல் கயிற்றோரம் சுற்றிச் சுற்றி நின்று கடைசியில் புள்ளியில் வென்றார். ஹட்டன் அப்படி நின்றிருந்தால் இங்கே பப்புகளில் பாட்டு வந்திருக்கும்.

கிழவர் "உனக்குத் தெரியாததா" என்றது எதை? அதுதான் அதிகம் குடைகிறது. நான் இலங்கைத் தமிழன் என்று அவருக்குத் தெரியும். முரளி ஊர்க்காரன் என்று கூப்பிடுவார். கான் வேறு, நான் வேறு, அதனால் நான் அவர் பக்கம் என்று நினைத்தாரா? அல்லது கானும் நானும் ஒன்று, ஆகவே வெளியாள் எப்படி இருப்பான் என்று எனக்கே தெரியும் என்று நினைத்தாரா? முதலாவது என்றால் "புரூக்" என்றது அவரோடு சேர்ந்து கானைத் தள்ளியது. இரண்டாவது என்றால் என்னையே தள்ளியது. ஒருவேளை அவர் ஒன்றுமே நினைக்கவில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னார். பெரும்பாலும் அதுதான் என்று என்னைத் தேற்றிக்கொள்வேன்.

சொந்த அணிக்கு எதிராகக் கைதட்டுவது எங்களுக்குப் புதிதில்லை. 1990 இல் நோர்மன் டெபிட் என்ற அரசியல்வாதி, குடியேறி வந்தவர்கள் கிரிக்கெட்டில் எந்தப் பக்கம் கைதட்டுகிறார்கள் என்று பார்க்கச் சொன்னார். எங்கள் வீட்டில் அவர் வந்து பார்த்திருந்தால் குழம்பிப் போயிருப்பார். 2007 உலகக் கிண்ண இறுதியாட்டம், கில்கிறிஸ்ட் 149 அடிக்கிறார், இலங்கையில் பிறந்த நாங்கள் எல்லோரும் ஆஸ்திரேலியாவுக்குக் கைதட்டுகிறோம். முரளி பந்தை எடுத்தபோது மட்டும் பெரியப்பா கை தட்டவில்லை. "இவனுக்கு ஒண்டாவது விழட்டும்" என்றார். விழவில்லை. பின்னாளில் முரளியின் அரசியல் பேச்சுகளைக் கேட்டு அதே பெரியப்பா திட்டித் தீர்த்தார். எங்களுக்குக் காரணம் இருந்தது, போர் இருந்தது என்று நான் சொல்வேன். கிழவருக்கு அப்படி என்ன காரணம் என்றும் கேட்பேன். அவரைக் கேட்டால் அவரும் ஏதாவது சொல்வார், 1971 இலிருந்து தொடங்கி.

சண்டை ஆறாவது சுற்றில் முடிந்தது. நடுவர் இடையில் புகுந்து நிறுத்தினார், புரூக் வென்றார். நாங்கள் சண்டையைக் கடையில் பார்ப்பதில்லை, அதற்குள் ஷட்டர் இறங்கிவிடும். அடுத்த நாள் காசு வாங்க வருகிறவர்களின் முகத்தில்தான் பார்ப்போம். கிழவர் வந்து காசை எண்ணி வாங்கி, எங்கள் இருவருக்கும் டோனட் வாங்கிவந்து வைத்தார். அந்தப் பிள்ளை தனக்கு வேண்டாம் என்றாள். காரணம் டயட் என்றாள். நான் சாப்பிட்டேன்.

2023 ஏப்ரலில், அந்தச் சண்டைக்குப் பிறகு எடுத்த சோதனையில் கானின் உடலில் தசை வளர்க்கும் தடைசெய்யப்பட்ட ஒஸ்டரின் மருந்து இருந்ததென்று இரண்டு வருடத் தடை அறிவித்தார்கள். கிழவர் பத்திரிகையை மடித்துக் கவுண்டரில் வைத்து, "பார்த்தாயா, நான் சொன்னேனே" என்றார். அவர் அதைச் சொன்னதே இல்லை. வேண்டுமென்று எடுக்கவில்லை என்பதை விசாரணைக் குழுவே ஏற்றுக்கொண்டிருக்கிறது, முழுதாகப் படியுங்கள் என்று நான் தொடங்கினேன். எடுத்தும் தோற்றாரே, அதனால் யாருக்கு என்ன நட்டம் என்றும் கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல, சூதாட்ட மெஷினில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"நீ புரூக் பக்கம் அல்லவா?" என்றார் கிழவர்.

"ஆமாம்" என்றேன், அதுவும் உண்மைதான். அவர் தோளைக் குலுக்கிவிட்டு இரண்டரை மணிக் குதிரை ரேஸுக்குச் சிட்டை எழுதப் போனார். அந்தப் பிள்ளை படிப்பு முடிந்து எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தாள். இருந்திருந்தால் இதற்கும் ஏன் என்று கேட்டிருப்பாள்.