ஒரே மெஷினா, ரெண்டு மெஷினா? ஒரு ஸ்டிக்கர் கடை நாட்குறிப்பு

2024 ஜூன் 3, திங்கள்

பிரிண்ட் மெஷின் விஷயத்தை இனியும் தள்ளிப்போட முடியாது. கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறைகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் நம் கடையின் பெரும்பாலான வேலை. முன்பெல்லாம் ரெண்டு மூணு கலர் வினைலை (ஸ்டிக்கர் ஷீட்டை) கட் பண்ணி, வேண்டாததை உரித்து, டிரான்ஸ்ஃபர் டேப் போட்டு ஒட்டினால் பஸ் முதலாளிக்குத் திருப்தி. இப்போது வருகிறவர்கள் போனில் படத்தைக் காட்டுகிறார்கள். ஒரு கலர் இன்னொரு கலரில் கரைய வேண்டும், பக்கவாட்டில் குலதெய்வம் முழு உருவமாக நிற்க வேண்டும், பெயர் எழுத்துக்குள் தங்க நிழல் விழ வேண்டும். வெறும் கட்டிங்கில் அது நடக்காது.

இப்போதைக்கு ஈரோட்டில் ஒரு கடையில் பிரிண்ட் போட்டு பஸ்ஸில் பார்சல் வரவழைக்கிறேன். நம் பழைய 2 அடி பிளாட்டர் (வினைல் வெட்டும் மெஷின்), பிரிண்ட் எங்கே இருக்கிறது என்று பார்த்து வெட்டத் தெரியாதது. அதனால் தம்பி தரையில் விரித்து வைத்து பிளேடால் ஓரம் வெட்டுகிறான். சாமியின் வேல், மாலை, விரல் என்று ஒவ்வொரு வளைவிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பொடியன் கை நல்ல கைதான், ஆனால் ஒரு பஸ்ஸுக்கே ஒரு நாள் போய்விடுகிறது.

நம்பர் பிளேட் வருமானமும் இல்லை. 2019 ஏப்ரல் 1-லிருந்து புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டை கம்பெனியே கொடுத்துவிடுகிறது. அந்த ஓட்டையை அடைக்க பிரிண்ட் ஸ்டிக்கர் ஒன்றுதான் வழி.

ஜூன் 6, வியாழன்

சந்தையில் இருப்பதைப் பிரித்துப் பார்த்தேன். பிரிண்ட்டும் கட்டிங்கும் ஒரே மெஷினில் செய்பவை ஒரு வகை. ரோலண்ட் கம்பெனியில் விஜி3, எஸ்ஜி3. மிமாகியில் சிஜேவி200, சிஜேவி330. இவையெல்லாம் ஈகோ சால்வென்ட், அதாவது கரைப்பான் கலந்த மை. எச்பி வேறு பாதையில் போகிறது: லேடெக்ஸ் (சூட்டில் காய்கிற மை) பிரிண்டர் தனி, கட்டர் தனி, ரெண்டையும் ஜோடியாக விற்கிறார்கள். புற ஊதா ஒளியில் காய்கிற யுவி மையிலும் பிரிண்ட் கட் மெஷின் உண்டு, ஆனால் யுவி மை காய்ந்ததும் கொஞ்சம் விறைப்பாக நிற்கும். பஸ் பாடியின் மடிப்பிலும் ரிவெட் தலையிலும் இழுத்து ஒட்டுகிற நமக்கு அது வேண்டாம். யுவியை அன்றே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

ரோலண்டில் பிஎன்2-20 என்று 20 இஞ்ச் சின்ன மெஷினும் இருக்கிறது. டி-ஷர்ட், லேபிள் செய்கிறவர்களுக்கு நல்ல சாமான். பஸ்ஸுக்குக் குறைந்தது 4 அடியாவது வேண்டும்.

ஜூன் 12, புதன்

கோயம்புத்தூரில் டெமோ. பிரிண்ட்டும் கட்டிங்கும் சேர்ந்த 54 இஞ்ச் ஆல் இன் ஒன் மெஷின். அவர்கள் காட்டுகிற கிளி, பூ, கார் படமெல்லாம் எந்த மெஷினிலும் அழகாகத்தான் வரும். நான் பென் டிரைவில் மூன்று பைல் கொண்டுபோயிருந்தேன். ஒன்று, உள்மூலைகள் நிறைய உள்ள சாமி உருவம். இன்னொன்று, ஒரு சென்டிமீட்டர் உயரத் தமிழ் எழுத்து. மூன்றாவது, 3 மீட்டர் நீளத்துக்கு ஒரே பட்டை.

விஷயம் இந்தப் பட்டையில்தான் தெரியும். ஹீட்டர் சூட்டில் வினைல் லேசாகச் சுருங்குகிறது, ரோல் முன்னும் பின்னும் ஓடும்போது நூலளவு பக்கம் சாய்கிறது. ஒரு அடிக்குள் இது கண்ணுக்குத் தெரியாது. 3 மீட்டர் கடைசியில் வெட்டுக்கோடு கலரை விட்டு வெளியே போய் வெள்ளை தெரியும். குறி (எங்கே வெட்டுவது என்று மெஷின் பார்த்துக்கொள்ள பிரிண்ட்டின் ஓரத்தில் அச்சிடும் அடையாளம்) போடாமல் வெட்டியபோது கடைசி ஓரத்தில் மயிரிழை வெள்ளை வந்தது. குறி போட்டு, இடையிலும் படித்துக்கொண்டே வெட்டச் சொன்னதும் சரியாகிவிட்டது. மெஷின் நல்ல மெஷின், அதில் சந்தேகமில்லை.

"ரோலை மாட்டிட்டு வீட்டுக்குப் போயிருங்க சார், காலைல வந்தா வெட்டி ரெடியா இருக்கும்" என்றார் விற்பனைத் தம்பி. வரும் வழியெல்லாம் அந்த வாக்கியமே மண்டைக்குள் ஓடியது.

ஜூன் 14, வெள்ளி

அங்கேயே வெட்டி எடுத்து வந்த சாம்பிளை மேஜையில் போட்டிருந்தேன். சாமியின் கிரீட நுனியும் வேல் முனையும் பேப்பரை விட்டு லேசாக எழும்பி நிற்கின்றன. நகத்தால் தடவினால் ஓரம் குழைகிறது.

ஈகோ சால்வென்ட் மை தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். உள்ளே கரைப்பான் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும். அது வினைலை மென்மையாக்கும், பசையையும் இளக்கும். குறைந்தது 24 மணி நேரம், ரோலைத் தளர்வாக நிறுத்திவைத்துக் காற்றாட விட்டுத்தான் லேமினேஷன் (பிரிண்ட்டின் மேல் ஒட்டும் பாதுகாப்பு ஃபிலிம்) போட வேண்டும். கருப்பு, அடர் சிவப்பு என்று மை கனத்தால் இன்னும் கூட. இது ரோலண்ட், மிமாகி என்று பிராண்டைப் பொறுத்ததில்லை, மையின் குணம். லேடெக்ஸில் சூட்டிலேயே காய்ந்துவிடுவதால் உடனே லேமினேட் செய்யலாம், ஆனால் அந்தச் சூட்டுக்கு கரன்ட் தின்னும்.

பிரிண்ட் முடிந்ததும் இத்தனை நிமிஷம் காத்திருந்து அப்புறம் வெட்டு என்று மென்பொருளில் சொல்லிவைக்கலாம். ஒரு நாள் முழுக்கக் காத்திரு என்று சொன்னால் அதுவரை மெஷின் சும்மா நிற்கும்.

ஜூன் 20, வியாழன்

பழைய பில் புத்தகங்களை எடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் 'லே' என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். லேமினேஷன் போட்டதெல்லாம் 'லே'.

பஸ் வேலை அத்தனையும் 'லே'. வெயிலில் நிற்கிற வண்டி, வாரம் ரெண்டு வாட்டர் சர்வீஸ், பிரஷ் போட்டுத் தேய்ப்பார்கள். லேமினேஷன் இல்லாமல் ஒட்டினால் ஆறு மாதத்தில் முதலாளி வாசலில் வந்து நிற்பார். கடை போர்டுக்கு ஒட்டும் பிரிண்ட்டும் பெரும்பாலும் 'லே'. 'லே' இல்லாதது கொசுவலைக் கம்பெனிகளின் பாக்கெட் ஸ்டிக்கர், கல்யாண வீட்டு ஸ்டிக்கர், இனிப்புக் கடை லேபிள்.

பென்சிலைக் கீழே வைத்தபோது கணக்கு தெளிந்துவிட்டது. ஆல் இன் ஒன்னின் பெருமையே பிரிண்ட் போட்ட இடத்திலிருந்து நகராமல் வெட்டுவதுதான். லேமினேஷன் என்று வந்துவிட்டால் ரோலைக் கழற்ற வேண்டும், காய வைக்க வேண்டும், லேமினேட் செய்ய வேண்டும், திரும்ப மாட்ட வேண்டும், குறியைப் படிக்க வைக்க வேண்டும். திரும்ப மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அதை ஒரு தனி கட்டரில் மாட்டினால் என்ன? பிரிண்டர் அந்த நேரத்தில் அடுத்த பஸ்ஸை அடித்துக்கொண்டிருக்கும். ஒன்று ரிப்பேர் ஆனாலும் இன்னொன்று ஓடும்.

லேபிள் மட்டும் செய்கிற கடையாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஆல் இன் ஒன் வாங்கலாம். ராத்திரி ஓட விட்டுக் காலையில் எடுப்பதெல்லாம் அவர்களுக்குத்தான்.

ஜூன் 27, வியாழன்

நாமக்கல்லில் லாரி பாடிக்கு ஸ்டிக்கர் அடிக்கிற நண்பர் சீனா பிரிண்டர் வைத்திருக்கிறார், ஐ3200 ஹெட் (மை தெளிக்கும் பாகம்). போய்ப் பார்த்தேன். பிரிண்ட் குறை சொல்ல முடியாது. அவர் சொன்னது, மெஷின் விலையைப் பார்க்காதே, ஹெட் போனால் யார் வருவான், எத்தனை நாளில் வருவான் என்று பார். அவர் பக்கத்து ஊர் டெக்னீஷியனை வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் கூப்பிட்டு உறவாகவே வைத்திருக்கிறார்! ஜப்பான் மெஷின் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. சீனா மெஷின் அதில் சின்னப் பங்குதான்.

மைக் கணக்கு எளிது. சதுர மீட்டருக்குச் சுமார் 10 மில்லி பிடிக்கும், அதாவது சதுர அடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லி. பயமுறுத்துவது அதுவல்ல, சும்மா இருக்கும்போது குடிக்கிற மை. வாரம் முழுக்க வேலை இல்லாவிட்டாலும் ஹெட் காயாமல் இருக்க மெஷின் தானே கிளீனிங் ஓட்டும், அதற்கும் மை போகும். ஆஃப் பண்ணிவிட்டு ஊருக்குப் போனால் ஹெட் அடைத்துவிடும்.

அப்புறம் அறை. ரோலண்ட் கையேட்டில் ஓடும்போது 20 முதல் 32 டிகிரி வரை என்று போட்டிருக்கிறது. கரூர் சித்திரையில் கடைக்குள்ளேயே 38 இருக்கும். ஏசி இல்லாமல் இதை வாங்குவது வீண். பக்கத்தில் பட்டறைத் தூசி வேறு.

ஆடிட்டர் இன்னொன்றையும் சொன்னார். நாம் ஜிஎஸ்டி காம்போசிஷனில் (சின்ன வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டம்) இருக்கிறோம். மெஷினுக்குக் கட்டுகிற 18 சதவீதம் திரும்ப வராது. ரெகுலர் ஜிஎஸ்டிக்கு மாறிய பிறகு வாங்கினால் அந்த வரியை இன்புட்டாக, நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம்.

ஜூலை 9, செவ்வாய்

4 அடி கட்டர் ஒன்றைப் பார்க்கத் திருச்சி போனேன். குறி படிக்கிற சென்சார் உள்ளது. இந்தத் தடவை நம் கடையிலேயே லேமினேட் செய்த பிரிண்ட்டை எடுத்துப்போனேன். சென்சார் குறிக்கு நேராகப் போகிறது, தேடுகிறது, திரும்புகிறது, மறுபடி தேடுகிறது. படிக்கவே இல்லை. நம் லேமினேஷன் பளபளப்பான வகை. கருப்புக் கோட்டின் மேலும் வெள்ளையின் மேலும் ஒளி ஒரே மாதிரி எதிரொளித்து சென்சார் குழம்புகிறது. அங்கிருந்த டெக்னீஷியன் ஒன்றும் பேசாமல் மங்கலான டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி நான்கு குறிகளின் மேலும் ஒட்டினார். அடுத்த நொடி படித்துவிட்டது. கையேட்டில் இல்லாத இப்படி ஒன்றைத் தெரிந்த ஆள் இருக்கிற கடையில்தான் வாங்க வேண்டும் என்று தோன்றியது.

எழுத்து வெட்டும் சோதித்தேன். கடை போர்டில் தமிழ் 5, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்ற விகிதம் இருக்கிறதல்லவா, அதனால் போர்டு வேலையில் பிளேடு அதிகம் ஓடுவது தமிழ் எழுத்தில்தான். பழைய ஃபான்ட்டில் 'கி' அடித்தால் க தனி, மேல்விலங்கு தனி. கோரல் டிசைன் மென்பொருளில் வெல்டு போடாமல் (ரெண்டையும் ஒரே உருவாக இணைக்காமல்) அனுப்பினால் ரெண்டும் தொடும் இடத்தில் குறுக்கே வெட்டிவிடும், உரிக்கும்போது துண்டு கையோடு வரும். சுழியெல்லாம் சுத்தமாக விழுந்தது.

ஜூலை 15, திங்கள்

முடிவு: முதலில் கட்டர் மட்டும். பிரிண்ட் ஈரோட்டிலேயே தொடரட்டும். கையால் வெட்டுகிற நேரம்தான் இப்போது கழுத்தை நெரிக்கிறது, அது கட்டரிலேயே தீர்ந்துவிடும். பிரிண்டர், ஏசி அறை, ஜிஎஸ்டி மாற்றம் மூன்றும் தீபாவளிக்கு அப்புறம் ஒன்றாக வரட்டும்.

அம்மாவிடம் சொன்னேன். "நாளன்னிக்கு ஆடி பொறக்குதப்பா, ஆடியில மெஷின் எறக்குவியா?" என்றார். பதினெட்டாம் பெருக்கு அன்று அட்வான்ஸ் கொடுக்கலாம், அதற்குத் தடை இல்லையாம்.

ஆகஸ்ட் 3, சனி

அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. மேட்டூர் 120 அடி நிரம்பி காவிரியில் தண்ணீர் தளும்பப் போகிறது. ஊரே ஆற்றைப் பற்றித்தான் பேசுகிறது. நான் மட்டும் பிளேடு ஆங்கிள் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். சாதா வினைலுக்கு 45 டிகிரி, ஒளியை எதிரொளிக்கிற கனமான ரிஃப்ளெக்டிவ் ஸ்டிக்கருக்கு 60.

ஆகஸ்ட் 21, புதன்

கட்டர் ஆவணி பிறந்ததும் வந்தது. முதல் பஸ் வேலைக்கு ஈரோட்டிலிருந்து பார்சலைப் பிரித்தால் குறியே இல்லை. சாம்பிளோடு நான் எழுதி அனுப்பியிருந்தும், அங்கிருந்த பையன் நான்கு மூலைக் குறிகளையும் கழிவு என்று நினைத்து ஸ்கேல் வைத்து அழகாக வெட்டி எடுத்துவிட்டு, நேர்த்தியாகச் சுருட்டி அனுப்பியிருக்கிறான். அவனைத் திட்டவும் முடியவில்லை, அவ்வளவு சுத்தமான வேலை. அந்தப் பஸ்ஸை மறுபடியும் தம்பி கையாலேயே வெட்டினான். இனி ஃபைலிலேயே குறிகளைச் சுற்றி ஒரு சிவப்புப் பெட்டி போட்டு 'வெட்டாதே' என்று அச்சிட்டு அனுப்பப் போகிறேன்.

ரெண்டாவது ரோல் சரியாக வந்தது. டேப் ஒட்டி, குறி படிக்க வைத்து, சாமி உருவம் வேல் நுனி வரை வெட்டி முடிந்தது. தம்பி உரிக்க மட்டும் உட்கார்ந்தான். மதியத்துக்குள் பட்டறைக்குப் போய்விட்டது.

பிரிண்டர் அறைக்கு ஏசி பாயின்ட் இழுக்க எலக்ட்ரீஷியனை வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.