தண்ணி டம்ளர்

ஜெர்மனியில் ஹோட்டலில் போய் உட்கார்ந்தால் தண்ணீர் தானாக வராது. கேட்டால் காசுக்குத்தான் பாட்டில். விவரமாகச் சொல்லாவிட்டால் பெரும்பாலும் கேஸ் ஏற்றியது வந்து நிற்கும். பிரான்ஸ் பரவாயில்லை. சாப்பிட வருபவர் கேட்டால் ஜாடியில் குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. (இரண்டு நாட்டிலும் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், அதையும் சொல்லிவிட வேண்டும்.)

நம் ஊர் மெஸ்ஸில் ஆர்டர் எடுக்கும் முன்பே நாலு எவர்சில்வர் டம்ளரை ஒரே கையில், விரலை உள்ளே விட்டுத் தூக்கிவந்து டங்கென்று வைப்பார்களே! அந்த விரலைப் பார்த்து எத்தனை தடவை முகம் சுளித்திருக்கிறேன். இப்போது, விரல் பட்டாலும் சரி, கொண்டுவாங்க அண்ணே என்றிருக்கிறது. அப்புறம் அந்த இரண்டாவது கரண்டி சாம்பார்... இங்கே ஜெர்மனியில் பல கடைகளில் கெட்சப்புக்கே தனிக் காசு!