ஏழாவது கால்

"அண்ணே, ஹோல்டு பின் சும்மா தொங்குதே, பரவாயில்லையா?" என்று, கடல் நீரின் சூட்டைப் பதிவு செய்யும் டப்பாவுக்குப் போர்டு செய்துகொண்டிருந்தபோது தம்பி கேட்டான். "பெஞ்சுல ஓடுதுல்ல, விடு" என்றேன். அதைத்தான் இன்னும் மண்டைக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

பெஞ்சில், அதாவது சோதனை மேசையில், ஓடத்தான் செய்தது. பதிவுகளைச் சேமிக்கும் டபிள்யூ25கியூ64 நினைவகச் சிப்புக்கு, நீ யார் என்று கேட்கும் 9எஃப் கட்டளையை அனுப்பினால் ஒவ்வொரு முறையும் இஎஃப் 40 17 என்று அதன் அடையாள எண் ஒழுங்காகப் பதிலாக வந்தது. எட்டாவது கால் 3.3 வோல்ட், பக்கத்திலேயே ஏழாவது கால் ஹோல்டு, ஹோல்டின் மின்னழுத்தம் இறங்காமல் பிடிக்க இரண்டுக்கும் நடுவே ஒரு 10கே ரெசிஸ்டர் வைக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். ஆனால் விடியுமுன் ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் பாசி வளர்க்கும் மிதவையில் டப்பாவைக் கட்டியாக வேண்டும், மூடியில் பூசும் சிலிக்கான் அதற்குள் காய வேண்டும். அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். தம்பி சொல்லியிருக்க மாட்டானே என்றும் உடனே தோன்றும்.

பதினோரு நாள் கழித்துக் கழற்றினோம். உள்ளே தண்ணீர் ஏறவில்லை, மூடியின் உட்புறம் வியர்த்திருந்தது, சிப்பின் கால்களுக்கு இடையே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. முதல் நான்கு நாள் கடல் நீரின் சூடு பதிவாகியிருக்கிறது, அப்புறம் வெறும் எஃப்எஃப், எதுவும் எழுதப்படாத இடம். எழுதும் முகவரி மட்டும் நகர்ந்துகொண்டே போயிருக்கிறது. ஹோல்டு கீழே இறங்கிவிட்டால் சிப் நாம் அனுப்பும் எதையும் காதில் வாங்காது. சிப் வேலையாக இருக்கிறது என்று சொல்லும் பிஸி பிட் இறங்காவிட்டால் கொஞ்சம் பார்த்துவிட்டு அடுத்த பதிவுக்குப் போ என்று நிரல் எழுதியது நான். எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்காமல் விட்டதும் நான்தான், அதற்கு நேரமில்லை என்று சொல்ல முடியாது.

பாசி வெளுத்துப் போயிருந்தது. "செவ்வாக்கிழமை மத்தியானம் தண்ணி எவ்வளவு சுட்டுச்சு தம்பி?" என்று பாசி கட்டுகிற அக்கா கேட்டார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு எண்தான்.

போர்டைத் துடைத்துக் காயவைத்ததும் மறுபடி இஎஃப் 40 17 வந்துவிட்டது. ஹோல்டுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை, கிளாக் காலிலும்தான் உப்பு இருந்தது. அடுத்த டப்பாவில் ஹோல்டுக்கும், எழுதுவதைத் தடுக்கும் ரைட் புரொடெக்ட் பின்னுக்கும் ரெசிஸ்டர் வைத்தோம், போர்டு முழுக்க வார்னிஷும் அடித்தோம். நன்றாக ஓடியது, எது காப்பாற்றியது என்று தெரியாது. ஒவ்வொன்றாகச் செய்து பார்த்திருக்க வேண்டும், சரி, ஆனால் அந்த அக்காவிடம் இன்னொரு முறை வெறுங்கையோடு போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

தம்பி இப்போது என்னிடம் கேட்பதில்லை. ஏழாவது காலுக்கு ரெசிஸ்டரை அவனே வைத்துவிட்டுத்தான் போர்டைக் கையில் தருகிறான்.