இன்சர்ட் வீணாவது கடலுக்குள் அல்ல

டைவ் முடிந்து, கேமராவின் நீர்புகா உறையான ஹவுசிங்கைத் திறந்ததும், உள்ளே இருந்த ஈரம் உறிஞ்சும் பட்டையை, அதாவது இன்சர்ட்டை, உருவிக் குப்பையில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. இன்னும் பல தடவை உழைக்கக்கூடிய பொருள் அது.

நான் படமெடுப்பது பெரும்பாலும் ஓடில்லாத கடல் நத்தைகளை. விரல் நகம் அளவுகூட இல்லாத உயிர்கள். லென்ஸை அவற்றின் பக்கத்தில் கொண்டுபோய், உடம்பை ஆடாமல் நிறுத்தி, ஃபோகஸ் பிடிக்கிற நேரத்தில் லென்ஸுக்கு முன்னால் ஹவுசிங்கில் இருக்கும் போர்ட் கண்ணாடியின் உள்பக்கம் ஒரு பொட்டு ஆவி படிந்தால் அந்த டைவே போச்சு. கடலுக்குள் வைத்துத் திறந்து துடைக்கவா முடியும்? அதனால் இந்தச் சின்னப் பட்டைகள்மேல் எனக்கு அக்கறை அதிகம்.

முதலில் ஒரு கணக்கு. இதைப் போட்டுப் பார்த்தால் இன்சர்ட்டைப் பற்றிய பார்வையே மாறிவிடும். 30 டிகிரி செல்சியஸ் காற்றில், ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கும். கேமராவை வைத்து மூடிய பிறகு ஹவுசிங்கில் மிஞ்சும் காலி இடம் 100 மில்லி என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் அடைபடும் நீராவி 2.4 மில்லிகிராம். இதைக் கொண்டுபோய் 20 டிகிரி தண்ணீரில் இறக்கினால், குளிர்ந்த காற்று தாங்கக்கூடியது 1.7 மில்லிகிராம்தான். மிச்சம் 0.7 மில்லிகிராம். அந்தத் துளியூண்டு தண்ணீர்தான் கண்ணாடியில் படிந்து படத்தைக் கெடுக்கிறது.

இன்னொரு பக்கம், ஈரம் உறிஞ்சும் பொருளான சிலிகா ஜெல், நன்றாகக் காய்ந்திருந்தால், ஒரு கிராமுக்கு 100 மில்லிகிராமுக்குமேல் ஈரத்தைச் சுலபமாகப் பிடித்துவைக்கும். அதாவது மூடிய ஹவுசிங்குக்குள் இருக்கிற காற்று அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அப்படியென்றால் அது எங்கே நிரம்பிப்போகிறது? வெளியில். மேசையில் கிடக்கும்போது, படகில் பேட்டரி மாற்றுவதற்காக ஹவுசிங் திறந்திருக்கும்போது, பையின் ஓரப் பாக்கெட்டில் சும்மா இருக்கும்போது. காற்று வாங்கிக்கொண்டு சில மணி நேரம் கிடந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். தண்ணீருக்குள் போகும் முன்பே களைத்துப்போன பட்டையை உள்ளே வைத்துவிட்டு, இந்தச் சரக்கு சரியில்லை என்கிறோம்.

ஒன்றை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காமல் விட்டேன். பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஹவுசிங் தானே ஈரத்தைக் குடிக்கும். தன் எடையில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான், ஆனால் 100 கிராம் பிளாஸ்டிக்கில் அதுவே 100, 200 மில்லிகிராம் ஆகிறது. காற்றில் இருப்பதைப் போல எத்தனை மடங்கு பாருங்கள்! படகில் வெயிலில் வைத்தாலோ, நீளமாக வீடியோ எடுத்துக் கேமரா சூடானாலோ, அந்த ஈரம் மெல்ல உள்ளே கசியத் தொடங்கும். அலுமினிய ஹவுசிங்குக்கு இந்தத் தொல்லை இல்லை. அது ஈரம் குடிக்காது, உலோகச் சுவரும் சட்டென்று குளிர்வதால் ஆவி பெரும்பாலும் அங்கேதான் முதலில் படியும், கண்ணாடி தப்பிக்கும். பிளாஸ்டிக் ஹவுசிங் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இன்சர்ட்டை மட்டும் காய வைத்தால் போதாது, ஹவுசிங்கையும் காய வையுங்கள். முதல் நாள் இரவே காற்றுப் புகாத பெரிய டப்பாவில், ஒரு கை நிறையக் காய்ந்த சிலிகா ஜெல்லோடு, ஹவுசிங்கைத் திறந்த நிலையில் வைத்து மூடிவிடுவது என் வழக்கம்.

சரி, காய வைப்பதற்கு வருவோம். கோப்ரோ கேமரா நிறுவனத்தின் மெல்லிய பட்டைகளுக்கு ஓவனில் 150 டிகிரியில் 5 நிமிடம் போதும். சிலிகா மணிகளுக்கு அந்த அவசரம் ஆகாது, 110 முதல் 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் வேண்டும். ஈரம் ஏறினால் ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சைக்கு மாறும் வகையில் சாயம் கலந்திருக்கிறது, அதிகச் சூட்டில் சாயம் கருகிவிடும். பிறகு மணிகள் காய்ந்தாலும் நிறம் அதைச் சொல்லாது. நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறும் வகையில் இருப்பது கோபால்ட் குளோரைடு. அது உடம்புக்கு ஆகாத பொருள், சமையலுக்குப் பயன்படும் ஓவனில் அதை வைக்கவே கூடாது. நான் வாங்குவதே இல்லை. டைவெக் என்ற, காகிதம் போன்ற உறையில் வரும் பாக்கெட்டுகளில் இன்னும் கவனம் தேவை. அந்த உறை பாலிஎதிலீன், 135 டிகிரி வாக்கில் உருகிவிடும். அவற்றை 110 தாண்ட விடாமல், நேரத்தைக் கூட்டிக் காய வைக்கிறேன். மைக்ரோவேவ் வேண்டாம். சூடு ஒரே சீராகப் பரவாது, ஒரு ஓரம் கருகும்போது இன்னொரு ஓரம் ஈரமாகவே இருக்கும்.

காய்ந்ததா இல்லையா என்று நிறத்தை நம்பிச் சொல்வதைவிடத் தராசை நம்பலாம். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று வைத்திருக்கிறேன். ஓவனிலிருந்து எடுத்து எடை பார்ப்பேன், திரும்ப வைத்து மறுபடி பார்ப்பேன். எடை குறைவது எப்போது நிற்கிறதோ அதுதான் உலர்ந்த எடை. அதை அந்தப் பட்டையிலேயே பென்சிலால் எழுதிவைக்கிறேன். அடுத்த முறை தராசில் போட்டதும் எவ்வளவு ஈரம் குடித்திருக்கிறது என்று தெரிந்துவிடும், வீணாக ஓவனைப் போட வேண்டியதில்லை.

எடுத்தவுடன் ஆறட்டும் என்று தட்டில் பரப்பி வைக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் பட்ட பாடெல்லாம் பாழாகிறது. காய்ந்த சிலிகா ஆறுகிற அந்த நேரத்திலேயே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்க ஆரம்பித்துவிடும். சூட்டோடு சூடாகக் கண்ணாடி ஜாடியில் போட்டு, ரப்பர் வளையம் உள்ள மூடியால் இறுக மூடி, அதற்குள்ளேயே ஆறவிட வேண்டும். ஜிப் பைகள் ஒரு நாள் இரண்டு நாளுக்குச் சரி. நீராவி மெல்லிய பிளாஸ்டிக்கையும் மெதுவாக ஊடுருவும் என்பதால் அவற்றில் மாதக்கணக்கில் வைப்பதில்லை.

ஹவுசிங்கை எங்கே மூடுகிறோம் என்பதும் இதே அளவு முக்கியம். ஏசி அறையில் 24 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் இருந்தால், அந்தக் காற்று 13 டிகிரிக்குக் குளிர்ந்தால்தான் ஆவி படியத் தொடங்கும். அங்கேயே மூடிக்கொண்டு கிளம்பினால் இன்சர்ட்டுக்குப் பாதி வேலை குறைந்தது. ஆனால் அதே குளிர்ந்த கேமராவைப் படகில் கொண்டுபோய்த் திறந்தால் லென்ஸ் அங்கேயே வியர்த்துவிடும். ஆகவே பேட்டரி, கார்டு எல்லாம் அறையிலேயே முடித்துக்கொள்வது நல்லது. இன்சர்ட்டை ஜாடியிலிருந்து கடைசியாக எடுத்து, உள்ளே செருகி, உடனே மூடிவிடுவேன். படகில் ஹவுசிங்மேல் ஈரத் துண்டைப் போட்டு நிழலில் வைப்பேன்.

எந்தப் பட்டையும் நிரந்தரமில்லை. ஓரம் பிசிறடித்ததை நான் தயங்காமல் கழித்துவிடுவேன். ஹவுசிங்கின் மூடியில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கின்மேல் ஒரு நூல் விழுந்து கிடந்தாலும் அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே வரும், அப்புறம் ஆவியைப் பற்றிக் கவலைப்படக் கேமராவே இருக்காது. தூள் கொட்டும் பாக்கெட்டுக்கும் இதே கதிதான். கடல் நீரில் நனைந்ததையும் திரும்பக் காய வைப்பதில்லை, தண்ணீர் போனாலும் உப்பு உள்ளேயே தங்கிவிடும். மற்றபடி சந்தேகம் வந்தால் பட்டையை ஹவுசிங்கில் வைத்து மூடி, கேமராவை ஓடவிட்டு, பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள். கண்ணாடி தெளிவாக இருந்தால் மறுநாள் அதையே எடுத்துப் போகலாம், மங்கினால் மறுபடி ஓவன்.