‘எல்லோரும்’ என்பதை மறுக்கக் கற்ற கதை

காட்பாடியில் வீட்டிலிருந்தபடியே வங்கித் தேர்வுக்குப் படித்த ஓராண்டில் என்னை மிகவும் அலைக்கழித்தவை, ஒரு கூற்றைக் கொடுத்து அதில் உட்கிடையாக இருக்கும் அனுமானம் எது என்று கேட்கும் வினாக்கள்தாம். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிக்கப்படும் தேர்வில், ஐந்துக்கு மூன்றைத் தவறவிட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில், அனுமானம் என்றதும் கூற்றிலிருந்து கிடைக்கும் முடிவைத் தேடினேன். வினா கேட்பதோ, சொல்லாமலே விடப்பட்டு அந்தக் கூற்றைத் தாங்கி நிற்கும் கருத்தை. இது ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது.

அடுத்த பிழை அவ்வளவு எளிதில் விடவில்லை. அனுமானத்தை மறுத்துப் பார்த்து, கூற்று நிலைகுலைந்தால் அது உட்கிடை என்று கொள்ளும் முறையை அறிந்திருந்தும் தவறினேன். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததை நினைத்து, நானே ஒரு கூற்றை எழுதிக்கொண்டேன்: “வெள்ளம் பெருகுவதால் கரையோர மக்கள் மேடான இடங்களுக்குச் செல்ல வேண்டும்.” முதல் அனுமானம், எல்லோரும் இதைக் கேட்டு நடப்பார்கள் என்பது; இரண்டாவது, மேடான இடங்களில் ஆபத்து குறைவு என்பது. முதலாவதை ‘ஒருவரும் கேட்கமாட்டார்கள்’ என்று மறுத்தேன். அப்படியானால் அறிவிப்பே வீண் என்பதால் இரண்டும் உட்கிடை என்று குறித்தேன்.

குடியாத்தத்திலிருந்து வந்திருந்த பெரியப்பா மகள், தமிழிலக்கியம் படித்தவர், என் நோட்டைப் பார்த்துவிட்டு, “எல்லோரும் வந்திலர் என்றால் சிலர் வந்தார்கள் என்றும் பொருள்படும் என்று நன்னூலில் படிக்கவில்லையா?” என்று கேட்டார். முற்றும்மை, அதாவது ‘எல்லோரும்’ என்பதிலுள்ளதுபோல் முழுமையைக் குறிக்கும் ‘உம்’, எதிர்மறையோடு சேரும்போது எச்சப் பொருளும், அதாவது மீதி சிலர் உண்டு என்ற பொருளும், தரும் என்ற அந்த இலக்கணத்தை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தவள் நான். அது என் தேர்வுத்தாளுக்குள் வந்து நிற்கும் என்று எண்ணியதே இல்லை. ‘எல்லோரும் கேட்பார்கள்’ என்பதன் சரியான மறுப்பு, ‘சிலராவது கேட்காமலிருப்பார்கள்’ என்பதே. சிலர் கேட்காவிட்டாலும் அறிவிப்புக்குப் பொருள் இருக்கிறது. ஆகவே முதலாவது உட்கிடையன்று. மேடான இடங்களிலும் ஆபத்து குறையாது என்றால், அங்கே போகச் சொல்வதற்கே காரணமில்லை. ஆகவே இரண்டாவது மட்டும் உட்கிடை. அதே அனுமானம் ‘சிலராவது கேட்பார்கள்’ என்றிருந்தால் அதன் மறுப்புதான் ‘ஒருவரும் கேட்கமாட்டார்கள்’. அப்போது அதுவும் உட்கிடையாகிவிடும். ஒரு சொல் மாறினால் விடையே மாறுவது எனக்குப் பெருவியப்பாக இருந்தது.

அன்றிலிருந்து மறுப்பை மனத்துக்குள் வைத்துக்கொள்ளாமல், முழு வாக்கியமாகத் தாளில் எழுதிய பிறகே விடையைத் தொட்டேன். ‘மட்டுமே’ வரும் அனுமானங்களில் அதன் மறுப்பை ‘வேறு வழியும் உண்டு’ என்று எழுதிப் பழகினேன். முதன்மைத் தேர்வன்றும் கணக்குப் போடத் தந்த தாளின் ஒரு பக்கம் முழுவதும் இத்தகைய மறுப்பு வாக்கியங்களே இருந்தன.