காலி வீதிக்கு எத்தனை லேன்? ஓஎஸ்எம்மில் ஏற்றிய அனுபவம்

கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை காலி வீதியின் லேன்களையும் (வாகனத் தடங்கள்) தரையில் உள்ள அம்புக்குறிகளையும், யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் (ஓஎஸ்எம்) ஒருவழியாக ஏற்றி முடித்தாயிற்று. கணக்குத் திறப்பது, எடிட்டரில் கோடு பிடிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். என் பொறுமையைச் சோதித்தவை வேறு.

முதலாவது, செய்மதிப் படம். வீதியின் அகலம் தெரியும், தரையில் உள்ள அம்பு தெரியாது. சந்திக்குக் கிட்டப் போனால் மரநிழல், இல்லாவிட்டால் வரிசையாக பஸ். கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் பளிச்சென்று தெரிந்தாலும் அதைப் பார்த்து ஏற்ற உரிமம் இடம் கொடுக்காது. ஆகவே நேரில்தான் போக வேண்டும்.

100ஆம் இலக்க பஸ்ஸில் முன்னால் இருந்து வீடியோ எடுக்கலாம் என்று பார்த்தேன். முன் இருக்கை மதகுருமாருக்கு. அதற்குப் பின்னால் இருந்தால் ஸ்டிக்கரும் பூமாலையும் பாதிக் கண்ணாடியை மறைத்துவிடும். பஸ்ஸை நம்பாதீர்கள். போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்தில் விடியற்காலையிலேயே நடந்து போங்கள். வாகனம் குறைவு, கோடுகள் துலக்கமாகத் தெரியும்.

நடந்தாலும் வில்லங்கம் வந்தது. ஒரு கட்டடத்தின் முன்னால் காவலாளி மறித்து, "என்ன படம் எடுக்கிறீங்க?" என்றார். தார் வீதியைத்தான் எடுத்தேன் என்று போனைக் காட்டியும் நம்பவில்லை. எல்லாவற்றையும் அழிக்க வைத்துத்தான் விட்டார். அன்றிலிருந்து படம் எடுப்பதில்லை, குரல் பதிவுதான். "கலர் லைட்டுக்கு முன்னால், இடமிருந்து: இடது, நேர், நேரும் வலதும்" என்று போனைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டே நடந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை! வீட்டுக்கு வந்து அதை அப்படியே டர்ன்:லேன்ஸ் டேக்கில், அதாவது எந்த லேன் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லும் குறிச்சொல்லில், 'லெப்ட்|த்ரூ|த்ரூ;ரைட்' என்று போட்டுவிடலாம். சாரதி பார்க்கும் திசையில் இடமிருந்து வலமாகத்தான் அந்த டேக்கும் போகிறது. ஒருவழிப் பகுதியில் சிக்கலே இல்லை. இருவழிப் பகுதியில் மட்டும் கோடு வரைந்த திசைக்கு பார்வர்ட், எதிர்த்திசைக்கு பேக்வர்ட் என்று பிரித்துப் போட வேண்டும்.

அம்பு தொடங்கும் இடத்தில் வரைபடத்தில் உள்ள வீதிக் கோட்டை இரண்டாக வெட்டும்போது கவனம். 100, 101 பஸ் வழித்தடங்களும் 'வலப்பக்கம் திரும்பத் தடை' போன்ற கட்டுப்பாடுகளும் அதே கோட்டில்தான் தொங்குகின்றன. இப்படிக் கோட்டோடு இணைந்தவற்றை ரிலேஷன் என்பார்கள்; ஏற்றுவதற்கு முன் அந்தப் பட்டியலை ஒருமுறை பாருங்கள்.

அடுத்ததுதான் இன்னும் எரிச்சல். செய்மதிப் படத்தை மட்டும் பார்த்துத் திருத்தும் ஒருவர், நான் மூன்று என்று போட்ட பகுதியை நான்கு லேன் ஆக்கிவிட்டார். காரணம், படத்தில் நான்கு வாகனங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றனவாம். நிற்கும்தான், இரண்டு பஸ்ஸுக்கு இடையில் ஆட்டோ நுழையாத சந்தி கொழும்பில் எங்கே இருக்கிறது? லேன் எண்ணிக்கையைச் சொல்லும் லேன்ஸ் டேக் எண்ணுவது தரையில் அடித்த கோட்டை, நெரிசலை அல்ல. அவர் எண்ணிக்கையை மட்டும் மாற்றி அம்புகளை அப்படியே விட்டதால் நான்கு லேனுக்கு மூன்று அம்பு என்று ஆகிவிட்டது.

சண்டை பிடிக்கவில்லை. அவருடைய சேஞ்ச்செட்டில் (ஒரே தடவையில் ஏற்றிய திருத்தங்களின் பதிவு) கருத்து எழுதினேன், பதில் இல்லை. அப்புறம் பழையபடி மாற்றி, சோர்ஸ் என்ற இடத்தில் 'சர்வே' என்றும் குறிப்பில் நடந்து பார்த்த திகதியையும் சந்தியின் பெயரையும் எழுதினேன். "சரி, நேரில் பார்த்திருக்கிறீர்கள்" என்று அவரிடமிருந்து ஒரு வரி வந்தது, அதோடு அவர் கை வைக்கவில்லை. திகதி போடாமல் எதையும் ஏற்றாதீர்கள்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் குறுக்கு வீதிகள் பலவற்றில் கோடே கிடையாது. அங்கே லேன் எண்ணிக்கையை ஊகிக்க வேண்டாம்; லேன்_மார்க்கிங்ஸ்=நோ என்று போட்டால் போதும்.

ஹவ்லொக் வீதி இன்னும் மிச்சம் இருக்கிறது. அடுத்த போயாவுக்கு யாராவது வருவதென்றால் சொல்லுங்கள், ஆளுக்கு ஒரு பக்கமாக நடக்கலாம்.